ஆராய்ச்சி மணியும் கணினியும்: குறுக்கீட்டு முறையின் வரலாறு

அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசு செலுத்திய எல்லாளன் என்னும் சோழ நாட்டு மன்னன், தன் படுக்கையின் தலைமாட்டில் நீண்ட கயிறு பிணித்த மணியொன்றினை அமைத்திருந்தான் என்றும், நீதி வேண்டியோர் எவராயினும் அக்கயிற்றினை இழுத்து மன்னனை அழைத்தல் கூடும் என்றும் மகாவம்சம் கூறுகின்றது. கன்றை இழந்த பசுவும், குஞ்சை இழந்த பறவையும், காலமல்லாக் காலத்துப் பெய்த மழையினால் காயவைத்த அரிசியை இழந்த முதியவளும் அம்மணியை ஒலித்து முறைவேண்டினர் என்பது அந்நூல் தரும் செய்தி. திருவாரூரில் முறைசெய்த சோழ மன்னன்மீது ஏற்றி வழங்கப்படும் ஆராய்ச்சி மணிக் கதையும் இதனோடு ஒத்ததே. இக்கதைகளை நாம் செங்கோன்மைக்கு எடுத்துக்காட்டாகவே கற்றும் கற்பித்தும் வருகின்றோம். அவை செங்கோன்மையின் சிறப்பை உணர்த்துவனவே. எனினும் மணி என்பது ஆட்சிக்குரிய ஓர் உபாயமுமாகும். மன்னன் நாடோறும் வீடுவீடாகச் சென்று ‘குறையுண்டோ’ என வினாவுதல் இயலாது. குறையுடையோன் தானே வந்து அழைத்தற்கு வழி வேண்டும். அவ்வழியே மணி.

இவ்வுபாயத்தை ஆராயுமிடத்து அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியிருத்தலைக் காணலாம். மணி ஒலித்தவுடன் மன்னன் தான் செய்துகொண்டிருந்த பணியை விட்டெழுந்து, முறைகேட்டு முடித்தபின், விட்ட இடத்திலிருந்தே அப்பணியைத் தொடருதல் எங்ஙனம்? இது முதலாவது வினா. மணி ஒன்றாயிருக்க, அதனை ஒலித்தவர் யாவர் என்பதை அறிவது எங்ஙனம்? இது இரண்டாவது. ஓயாமல் மணி ஒலித்துக்கொண்டேயிருக்குமாயின் மன்னன் தீர்ப்பு வழங்குவது எப்போது? இது மூன்றாவது. எல்லாளன் வரலாற்றில் மூன்றாவது வினா எழவில்லை. ஏனெனில், கதையில் வருவோர் ஒருவர்பின் ஒருவராகவே வருகின்றனர். ஆயின் 1951ஆம் ஆண்டு தொடக்கம் கணினிகளை ஆக்கியோர் இம்மூன்று வினாக்களையும் இவ்வொழுங்கிலேயே எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட விடைகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். அழைப்பைக் கேட்பதற்கு வழி கண்டது ஒரு வெற்றி. அழைப்புக்கு எல்லை வகுத்தது அதனினும் அரிய வெற்றி என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி.

காத்திருத்தலும் அழைக்கப்படுதலும்

கணினியின் மையச் செயலி, நினைவகத்திலுள்ள அறிவுறுத்தல்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றிச் செல்வது. அதனோடு சாவிப்பலகை, வட்டு, அச்சுப்பொறி, வலையமைப்பு அட்டை முதலாய சாதனங்கள் இணைக்கப்பட்டுள்ளன. செயலியின் விரைவுக்கும் சாதனங்களின் விரைவுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகப் பெரிது. நொடிக்கு 100 கோடி அறிவுறுத்தல்களை நிறைவேற்றும் ஒரு செயலியையும், நொடிக்கு ஐந்தெழுத்து வீதம் தட்டச்சிடும் ஒருவரையும் எண்ணிப் பார்ப்போம். ஓரெழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே அச்செயலி 20 கோடி அறிவுறுத்தல்களை நிறைவேற்றி முடிக்க வல்லது. அவ்விடைவேளை முழுவதும் ‘அடுத்த எழுத்து வந்ததோ, வந்ததோ’ என வினாவிக்கொண்டே அது காத்திருக்குமாயின், அத்தனை ஆற்றலும் வீணாகும்.

சாதனங்களைச் செயலி முறைவைத்து வினாவி வருதல் ஒரு வழி. தேவையுள்ள சாதனமே செயலியை அழைத்தல் மற்றொரு வழி. வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் கரையோரப் புகையிரதப் பாதையைக் கடந்து செல்கின்றன. அத்தகைய கடவையொன்றிற் படலை காக்கும் ஒருவர், மணி இல்லையாயின், நாள் முழுவதும் தண்டவாளத்தையே நோக்கியிருத்தல் வேண்டும். வண்டி வருமுன் ஒலிக்கும் மணியொன்று இருக்குமாயின், அதுவரை அவர் பிற பணிகளைக் கவனிக்கலாம். கணினியில் இம்மணியின் இடத்தில் இருப்பதே குறுக்கீடு. ஆங்கிலத்தில் இதனை இன்ரறப்ற் என வழங்குவர். நடைபெறும் செய்நிரலின் குறுக்கே வெளியிலிருந்து வந்து நிற்பதனால் இப்பெயர் பொருத்தமானதே.

முதல் மணிகள்

இக்கருத்தின் முதல் தோற்றம் வெளியுலகச் சாதனத்தின் அழைப்பாக அமையவில்லை. பொறியின் உள்ளேயே நேரும் பிழையின் அழைப்பாக அமைந்தது. 1951ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் ஏற்றுக்கொண்ட யூனிவாக் என்னும் கணினியில், ஒரு கணக்கின் விடை அதற்குரிய இடத்தில் அடங்காது மிகுந்துவிடின், பொறி தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, நினைவகத்தின் தொடக்கத்திலே வைக்கப்பட்ட திருத்த அறிவுறுத்தல்களை நிறைவேற்றுமாறு அமைக்கப்பட்டிருந்தது.

வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்ற முதற்பொறி என ஆய்வாளர் பொதுவாகக் கருதுவது, அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்தார் இராணுவத்தின் சமிக்ஞைப் படைக்கென 1954ஆம் ஆண்டில் ஆக்கிய டைசீக் என்னும் கணினியையாகும். இரண்டு பெரிய இழுவை வண்டிகளில் ஏற்றி இடத்துக்கிடம் கொண்டு செல்லத்தக்கதாய் அது அமைந்திருந்தது. அடுத்து நிறைவேற்றவேண்டிய அறிவுறுத்தல் எதுவென்பதைக் குறித்துவைக்கும் எண்ணி, ஏனைய கணினிகளில் ஒன்றாயிருக்க, இதில் இரண்டாயிருந்தது. வெளிச்சாதனம் சைகை காட்டியவுடன் பொறி ஓர் எண்ணியை விட்டு மற்றதன்வழிச் செல்லும். முதலாவது எண்ணியில் விட்ட இடத்தின் குறிப்பு அழியாது நிற்கும். நாம் மேலே எழுப்பிய முதல் வினாவுக்கு இஃது எளியதொரு விடை.

1956ஆம் ஆண்டளவில் யூனிவாக் 1103ஏ என்னும் கணினி இம்முறையை நடைமுறைத் தேவையொன்றுக்குப் பயன்படுத்தியது. கிளீவ்லாந்து நகரில் வானூர்திச் சோதனைக்கென அமைந்த காற்றுச் சுரங்கத்தினின்றும் அளவீடுகள் வரும்போது கணினி அவற்றை உடனே ஏற்றல் வேண்டும். அவை இல்லாதபோது பிற கணக்குகளைச் செய்தல் வேண்டும். காற்றுச் சுரங்கத்தை இயக்குதல் பெருஞ் செலவுடையது. அதன் அளவீடு கணினிக்காகக் காத்திராது. ஆகவே கணினியே அதற்குக் குறுக்கிடும் உரிமையை அளித்தது.

ஓர் அறிஞரின் அச்சம்

இக்காலத்தில் ஒல்லாந்து நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தி மாணாக்கர் அனைவரும் அறியத்தக்கது. அம்ஸ்ரடாம் நகரிலுள்ள கணித மையத்தில் லூப்ஸ்திரா, ஸ்கோல்ரன் என்னும் பொறியியலாளர் இருவர் எக்ஸ்-1 என்னும் புதிய கணினியை வகுத்தனர். அதற்குரிய செய்நிரல்களை எழுதும் பொறுப்பு எட்ஸ்கர் டைக்ஸ்திரா என்னும் இளைஞரிடம் இருந்தது. 1957ஆம் ஆண்டளவில் பொறியியலாளர் இருவரும் எக்ஸ்-1 கணினியிற் குறுக்கீட்டை அமைக்க விரும்பியபோது, டைக்ஸ்திரா மகிழ்ச்சியடையவில்லை; அச்சமடைந்தார்.

அவருடைய அச்சத்தின் காரணம் ஆழமானது. அதுவரை ஒரு கணினி ஒரே செய்நிரலையும் ஒரே தரவையும் எத்தனை முறை பெற்றாலும், ஒரே வழியிற் சென்று ஒரே விடையைத் தந்தது. பிழை நேரின் மீண்டும் ஓட்டிப் பார்த்து அப்பிழையைக் கண்டுபிடித்தல் இயன்றது. குறுக்கீடு புகுந்தபின் அந்நிலை மாறியது. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த நொடியில் வரும் என எவராலும் கூற இயலாது. இரண்டு அறிவுறுத்தல்களுக்கு இடையே எவ்விடத்திலும் அது நுழையலாம். நுழைந்த இடத்தில் இருந்த பதிவகங்களின் நிலையைச் சிறிதும் மாறாமற் காத்து மீளவைக்கத் தவறின், நெடுங்காலத்துக்கு ஒரு முறை தோன்றி, மீண்டும் தேடும்போது மறைந்துவிடும் பிழை உண்டாகும். சோதித்துப் பார்த்து அதனை ஒழித்தல் அரிது. சில மாதங்கள் தயங்கிய பின்னரே அவர் அதற்கு இணங்கினார்.

இணங்கியவர் அதனை அரைகுறையாக விட்டுவிடவில்லை. குறுக்கீடுகளைக் கையாளும் நிரலைத் தாமே எழுதி, அதன் சரிமையைத் தருக்கத்தினால் நிறுவ முயன்றார். தன்னியக்கக் கணினியுடன் தொடர்புகொள்ளல் என்னும் பொருள்பற்றி 1959ஆம் ஆண்டில் அவர் அளித்த கலாநிதிப்பட்ட ஆய்வேடு இம்முயற்சியின் விளைவே. ஒன்றோடொன்று நேரத்தால் ஒத்துச் செல்லாத பல நிகழ்ச்சிகளைத் தவறின்றி இணைத்து நடத்துதல் எங்ஙனம் என்னும் வினாவை அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். கணினியியலில் அது தனித்துறையாகவே வளர்ந்தது. சோதனை பிழை உண்மையைக் காட்டுமேயன்றிப் பிழை இன்மையைக் காட்டாது என அவர் பிற்காலத்தில் வற்புறுத்திய கொள்கைக்கும் இவ்விளமை அச்சத்துக்கும் தொடர்புண்டெனக் கொள்ளுதல் பொருந்தும். அஞ்சுவது அஞ்சிய அறிஞனே பின்னர் அத்துறைக்கு இலக்கணம் வகுத்தான் என்பது கருதத்தக்கது.

அழைப்பவர் யாவர்?

இனி இரண்டாவது வினாவைக் காண்போம். மணியின் ஒலி, ‘எவரோ அழைக்கிறார்’ என்பதை மட்டுமே அறிவிக்கும். தொடக்ககாலக் கணினிகள் பலவற்றில், அழைப்பு வந்தபின் நிரலானது ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியே வினாவி, அழைத்தது எதுவெனத் தேடவேண்டியிருந்தது. சாதனங்கள் பெருகப் பெருக இத்தேடலே ஒரு சுமையாயிற்று.

1964ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 என்னும் கணினிக் குடும்பம் குறுக்கீடுகளை ஐந்து வகையாகப் பிரித்தது. செய்நிரல் தானே கேட்கும் சேவை, செய்நிரலில் நேரும் தவறு, பொறியில் நேரும் பழுது, வெளியிலிருந்து வரும் சைகை, உள்ளீட்டு வெளியீட்டுச் சாதனங்களின் அழைப்பு என்பன அவை. ஒவ்வொரு வகைக்கும் நினைவகத்தில் இரண்டு நிலையான இடங்கள் ஒதுக்கப்பட்டன: விட்ட நிலையைக் குறித்துவைத்தற்கு ஒன்று, புகவேண்டிய நிலையைக் காட்டுதற்கு ஒன்று. 1970ஆம் ஆண்டில் வெளிவந்த பிடிபி-11 என்னும் சிறுகணினி இன்னும் ஒரு படி சென்றது. அழைக்கும் சாதனமே தனக்குரிய எண்ணைச் செயலிக்கு அளிக்கும்; செயலி அவ்வெண்ணுக்குரிய இடத்தில் எழுதப்பட்ட முகவரியை நோக்கி நேரே செல்லும். தேடல் ஒழிந்தது. முதன்மை வரிசையும் வகுக்கப்பட்டது: உயர்நிலை அழைப்பு நடைபெறும்போது தாழ்நிலை அழைப்பு காத்திருக்கும். யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை இப்பொறியில் வளர்ந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இலங்கையும் இக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் கொழும்பில் அரச பொறியியற் கூட்டுத்தாபனம் நிறுவிய கணினி, இந்நாடு கண்ட முதற் கணினிகளுள் ஒன்று. அது பிரித்தானியாவில் ஆக்கப்பட்ட 1900 வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசைப் பொறிகளில் எக்சிக்கியூட்டிவ் எனப் பெயரிய கண்காணிப்பு நிரல் ஒன்று எப்பொழுதும் நினைவகத்தில் வீற்றிருந்து, சாதனங்களின் குறுக்கீடுகளை ஏற்று, வேண்டிய செய்நிரலுக்கு அறிவித்து வந்தது. இக்காலப் பணிசெயல் முறைமையின் உள்ளீடாய் அமைந்து கேர்னல் என வழங்கும் கருவகத்துக்கு அது முன்னோடிகளுள் ஒன்றாகும். ஆகவே நாம் இங்கு கூறும் வரலாறு கடல் கடந்த நாடுகளின் வரலாறு மட்டுமன்று. கொழும்பிலும் அம்மணி அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஒலித்துவிட்டது.

1981ஆம் ஆண்டில் ஐபிஎம் தனியாட் கணினி வந்தபோது, இன்ரெல் நிறுவனத்தின் 8259 என்னும் சில்லு அழைப்புகளை ஒழுங்குபடுத்தும் வாயிற்காவலனாய் அமைந்தது. அதற்கு எட்டு அழைப்புக் கம்பிகள். முதலாவது நேரங்காட்டிக்கும் இரண்டாவது சாவிப்பலகைக்கும் உரியன. நேரங்காட்டி நொடிக்கு ஏறக்குறைய 18 முறை செயலியைத் தட்டி எழுப்பியது. 1984ஆம் ஆண்டுப் பொறியில் இரண்டாவது சில்லொன்று முதலாவதனோடு தொடுக்கப்பட, பயன்படுத்தத்தக்க கம்பிகள் 15 ஆயின. சாதனங்களோ அதனினும் பெருகின. ஒரே கம்பியை இரண்டு அட்டைகள் பற்றிக்கொண்டு இரண்டும் இயங்காமற்போன தொல்லையை, 1990களில் கணினிகளைப் பொருத்திக்கொடுத்தோர் நன்கறிவர். சிறிய இணைப்பூசிகளை மாற்றி மாற்றிச் செருகியே அவர்கள் அதனைத் தீர்த்தனர்.

கருவகத்தின் நடைமுறை

இக்காலக் கணினியில் ஓர் அழைப்பு செல்லும் வழியை முறையாக நோக்குவோம். எவரும் நிரலைத் திறந்து படிக்கத்தக்கதாயிருத்தலின், லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கருவகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வலையமைப்பு அட்டைக்குத் தரவுப் பொதியொன்று வந்து சேர்கின்றது. அட்டை தன் அழைப்பை விடுக்கின்றது. முற்காலத்தில் இதற்கெனத் தனிக்கம்பி வேண்டியிருந்தது. இப்பொழுது குறித்த முகவரியொன்றுக்குச் சிறு செய்தியொன்றை எழுதுதலே அழைப்பாகின்றது. குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி அவ்வழைப்பை உரிய செயலிக்கு அனுப்புகின்றது. செயலி தன் கையிலுள்ள அறிவுறுத்தலை முடித்து, தான் நின்ற இடத்தையும் தன் நிலையையும் அடுக்கிலே குறித்துவைத்து, வேறு குறுக்கீடுகள் புகாவண்ணம் கதவடைத்து, அழைப்பின் எண்ணைக்கொண்டு ஓர் அட்டவணையை நோக்குகின்றது. இன்ரெல் வழிச் செயலிகளில் இவ்வட்டவணைக்கு 256 இடங்கள்; முதல் 32 இடங்கள் செயலியின் உள்ளே நேரும் தவறுகள் முதலியவற்றுக்கென ஒதுக்கப்பட்டவை. அட்டவணை காட்டிய வழியே கருவகம் எழுந்து, எஞ்சிய பதிவகங்களையும் காத்து, அவ்வழைப்பு எண்ணுக்கெனத் தன்னிடம் முன்னரே பெயர் பதிந்துள்ள சாதனச் செலுத்தியை அழைக்கின்றது. சாதனச் செலுத்தி என்பது குறித்தவொரு சாதனத்தின் மொழியறிந்த நிரல்.

ஒரு கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளுமாயின், கருவகம் அவ்வெண்ணின்கீழ்ப் பதிந்த செலுத்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வினாவும். ஒவ்வொரு செலுத்தியும் தன் சாதனத்தை நோக்கி ‘எனது’ என்றோ ‘எனதன்று’ என்றோ விடைதரும். எவரும் தமதென ஏற்காத அழைப்பு வந்துகொண்டேயிருந்தால் என்செய்வது? ஒரு கம்பியில் வந்த 100,000 அழைப்புகளுள் 99,900க்கு மேற்பட்டவற்றை எவரும் ஏற்கவில்லையாயின், ‘எவரும் கவனிக்கவில்லை’ என்னும் பொருள்படக் குறிப்பெழுதிவிட்டுக் கருவகம் அக்கம்பியையே அடைத்துவிடுகின்றது. மணியை வீணே ஒலிப்போனின் கையினின்றும் கயிற்றைப் பறித்தல் போன்றது இச்செயல்.

அழைப்பை ஏற்ற செலுத்தி அப்பொழுதே எல்லாவற்றையும் செய்து முடித்தல் கூடாது. கதவடைத்த நிலையில் அது நெடுநேரம் நின்றால், பிற சாதனங்களின் அழைப்புகள் வாயிலில் தேங்கும். ஆகவே பணி இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. உடனே செய்தாலன்றி இழப்பு நேரும் என்பது மேற்பாதி. சிறிது பிந்திச் செய்யினும் கேடில்லை என்பது கீழ்ப்பாதி. கொட்டாஞ்சேனையில் வாழ்வோர்க்கு இதனை விளக்கத் துறைமுகமே போதும். கப்பல் வந்தவுடன் பெட்டகங்கள் முற்றத்தில் இறக்கப்படுகின்றன. கப்பல் துறையை விட்டு நீங்குகின்றது. பெட்டகத்தைத் திறந்து சோதித்தல், சுங்கம் விதித்தல், உரியவரிடம் சேர்த்தல் யாவும் பின்னர் வேறிடத்தில் நிகழும். ஒவ்வொரு பெட்டகத்தையும் கப்பல்மீதே திறந்து சோதித்துக்கொண்டிருந்தால், அடுத்த கப்பல் நடுக்கடலில் நிற்கும். கருவகமும் அங்ஙனமே அழைப்பை விரைந்து ஏற்று, சாதனத்தை விடுவித்து, எஞ்சிய வேலையை வரிசையிலிட்டு, கதவைத் திறந்து, விட்ட பணிக்கு மீள்கின்றது.

இவ்வொழுங்கும் நிலைபெற்றுப்போன ஒன்றன்று. பல்வேறு பொறிகளில் வெவ்வேறாகக் கிடந்த குறுக்கீட்டு நிரல்களைத் தோமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மொல்நார் முதலியோர் பொதுவானதோர் அமைப்பின்கீழ்க் கொணர, அது 2006ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவகத்திற் சேர்ந்தது. அழைப்பைக் கையாளும் வேலையைத் தனி இழையாக்கி, பிற வேலைகளைப்போல் முதன்மை வரிசையில் நிறுத்தும் வசதி 2009ஆம் ஆண்டில் வந்தது. குறித்த நேரத்துள் விடைதரவேண்டிய பொறிகளுக்கென நெடுங்காலம் புறத்தே வளர்ந்த நிகழ்நேரத் திருத்தங்கள் 2024ஆம் ஆண்டிலேயே கருவகத்தினுள் முழுமையாக இடம்பெற்றன. மணியோசைக்கு முந்தியெழுதல் யாருடைய உரிமை என்னும் வழக்கு இவ்வளவு காலம் நீடித்தது.

ஓயாது ஒலிக்கும் மணி

மூன்றாவது வினாவே இவ்வரலாற்றின் உயிர்நிலை. சாவிப்பலகையை அழுத்தும் மனிதன் களைப்படைவான், வலையமைப்பு களைப்படையாது. நொடிக்கு ஒரு கோடி துகள் அளவினதாகிய பழைய ஈதர்நெற் வலையமைப்பிலேயே மிகச் சிறிய பொதிகள் நொடிக்கு 14,880 வரை வரக்கூடும். பொதிக்கு ஓர் அழைப்பு வீதம் வந்தால் யாது நிகழும்?

இதனை அளந்து விளக்கியவர்கள் ஜெஃப்ரி மொகுல், கே. கே. இராமகிருஷ்ணன் என்னும் இருவர். இராமகிருஷ்ணன் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்திற் பயின்று, அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப்பட்டம் பெற்றவர். இவர்கள் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை, ஒரு வலையமைப்பினின்றும் மற்றொன்றுக்குப் பொதிகளைக் கடத்தும் யுனிக்ஸ் கணினியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. பொதிகளைச் சோதித்து அனுமதிக்கும் காவல் நிரலோடு இயங்கியபோது, அக்கணினி நொடிக்கு ஏறக்குறைய 2,000 பொதிகளைக் கடத்தியது. வரவு அதற்குமேற் பெருகவே, கடத்தல் குறையத் தொடங்கியது. வரவு நொடிக்கு ஏறக்குறைய 6,000 பொதிகளை எட்டியபோது கடத்தல் முற்றாக நின்றது. பொறி பழுதடையவில்லை, ஓய்ந்திருக்கவும் இல்லை. அது தன் முழு ஆற்றலோடும் உழைத்துக்கொண்டிருந்தது. ஆயினும் வெளிவந்த பயன் யாதுமில்லை.

காரணம் யாதெனில், அழைப்பை ஏற்றல் எல்லாவற்றினும் முதன்மையுடையது என்பதே. ஒரு பொதியை ஏற்று வரிசையிலிட்டவுடன் அடுத்த அழைப்பு குறுக்கிடும். வரிசையிலுள்ளதை எடுத்து மேற்செலுத்தும் வேலை தாழ்ந்த நிலையினதாதலின் அதற்கு நேரம் கிடையாது. வரிசை நிரம்பியபின் வருவன வீசியெறியப்படும். எனினும் வீசியெறியப்படும் பொதிக்கும் வரவேற்புச் செலவு செய்யப்பட்டே முடிந்திருக்கும். மன்னன் வாயிலில் வந்து ‘யார்’ என வினாவுதலிலேயே நாள் முழுவதையும் கழித்து, ஒரு தீர்ப்பும் வழங்காதொழிதல் போன்றது இந்நிலை. வந்தோர் எல்லாரையும் மதித்தான், ஒருவர்க்கும் முறைசெய்திலன்.

அவர்கள் கூறிய மருந்து மிக எளியது. முதல் அழைப்பு வந்தவுடன் அச்சாதனத்தின் மணியை அடைத்துவிடுக. பின்னர்க் கருவகமே தனக்கு வாய்ப்பான நேரத்திற் சாதனத்தை நாடி, ஒரு முறைக்கு இத்தனை எனக் கணக்கிட்டுப் பொதிகளை எடுக்குக. எடுத்தவற்றை இறுதிவரை செலுத்தி முடிக்க நேரம் ஒதுக்குக. எடுக்க ஒன்றுமில்லாதபோது மட்டும் மணியை மீண்டும் திறந்துவிடுக. வீசியெறிய வேண்டியவற்றை, அவற்றின்மீது உழைப்பைச் செலவிடுமுன், வாயிலிலேயே விட்டுவிடுக. இவ்வொழுங்கின்கீழ் வரவு எவ்வளவு பெருகினும், பொறி தன் வல்லமைக்கேற்ற அளவு பொதிகளைத் தொடர்ந்து கடத்தி நின்றது.

இதிலொரு வியப்புண்டு. முறைவைத்து வினாவுதல் வீண் என விலக்கியே பொறியியலாளர் 1950களில் மணியை அமைத்தனர். நாற்பதாண்டுகளின் பின், மணியே மிகுந்தவிடத்து, விலக்கிய முறையை மீண்டும் அழைத்தனர். ஆயின் பழைய இடத்துக்கே திரும்பினர் என்றல் பொருந்தாது. அழைப்பு அருகியவிடத்து மணியும், அழைப்பு பெருகியவிடத்து வினாவுதலும் என இரண்டையும் காலமறிந்து ஆளும் முறை புதியது. ஜமால் ஹாதி சலீம், றொபேட் ஒல்சன், அலெக்சி குஸ்நெற்சோவ் என்போர் 2001ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவகத்துக்கென இம்முறையை வகுத்து வெளியிட்டனர். இன்றும் லினக்ஸ் வலையமைப்புச் செலுத்திகள் ஒரு சுற்றில் ஒரு சாதனத்தினின்றும் பொதுவாக 64 பொதிகளையே எடுத்து, பின் அடுத்ததற்கு இடம் விடுகின்றன.

மைக்ரோ நொடியின் பெறுமதி

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. கொழும்பை அடுத்த மாலபேயில் வளர்ந்த மிலேனியம் ஐரி என்னும் நிறுவனம் பங்குச் சந்தைகளுக்குரிய வாணிக மென்பொருளை ஆக்கிற்று. கொழும்புப் பங்குச் சந்தை 1997ஆம் ஆண்டில் தன்னியக்க வாணிகத்துக்கு மாறியதும் இந்நிறுவனத்தின் துணைகொண்டே. 2009ஆம் ஆண்டில் இலண்டன் பங்குச் சந்தை அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, 2011ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தன் முதன்மைச் சந்தையை இலங்கையில் ஆக்கப்பட்ட மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டது.

இத்தகைய சந்தைகளில் ஓர் ஆணை புகுந்து விடை வெளிவரும் காலம், ஒரு நொடியைப் பத்து இலட்சமாகப் பிரித்துப் பெறும் மைக்ரோ நொடிகளால் அளக்கப்படுகின்றது. அந்த அளவையில் ஒரு குறுக்கீடு சிறிய செய்தியன்று. செயலி தன் பதிவகங்களைக் காத்து, கருவகத்துட் புகுந்து, மீள்வதற்குச் செல்லும் காலமே கணக்கிற் கொள்ளப்படும். ஆதலின் விரைவு வேண்டும் பொறிகளில், அழைப்புகளை ஏற்பதற்கெனச் சில செயலிகளை ஒதுக்கி, முதன்மையான பணியைச் செய்யும் செயலிகளின் வாயிலில் மணியே ஒலியாவண்ணம் அமைப்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் வழி. எந்த அழைப்பு எந்தச் செயலிக்குச் செல்லவேண்டும் என நிருவகிப்போர் குறித்துவைத்தற்கு லினக்ஸ் கருவகம் இடமளிக்கின்றது. அமைச்சன் வாயிலில் மணியைக் கட்டிவிட்டு, அரசனை ஆராய்ச்சி மண்டபத்தில் அமைதியாய் இருக்கவிட்டதற்கு இஃது ஒப்பாகும்.

மாணாக்கர்க்கு ஒரு சொல்

உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் நம் மாணாக்கர் குறுக்கீடு என்பதனை ஒரு வரி விளக்கமாக மனனஞ் செய்து எழுதி விடுகின்றனர். அவ்வொரு வரியின் பின்னே டைக்ஸ்திராவின் அச்சமும், இராமகிருஷ்ணனின் அளவையும் உள்ளன என்பதை ஆசிரியர் எடுத்துக்கூறுதல் வேண்டும். அவர்கள் கண்ணாற் காணவும் வழியுண்டு. லினக்ஸ் பொருத்திய கணினியில், புரொக் என்னும் அடைவிலுள்ள இன்ரறப்ற்ஸ் என்னும் கோப்பைத் திறந்து பார்ப்பின், எந்தச் சாதனம் எந்தச் செயலியை எத்தனை முறை அழைத்தது என்னும் கணக்கு வரிவரியாகத் தோன்றும். சாவிப்பலகையின் சாவியொன்றை அழுத்தி மீண்டும் திறந்தால் அக்கணக்கு மாறியிருத்தலையும் பல பொறிகளிற் காணலாம். பாடநூலிற் படித்த சொல் பொருளாகக் கண்முன் நிற்கும் இடம் அது. இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை; பழைய கணினியொன்றே அமையும்.

நன்மதிப்புக்குரிய பணியாளன் யாவன் என்பதுபற்றியும் இவ்வரலாறு சிறிது கூறுகின்றது. அழைத்தவுடன் எழுபவனே சிறந்தவன் என உலகம் எண்ணுகின்றது. வகுப்பில் எழும் ஒவ்வொரு வினாவுக்கும் அவ்வப்பொழுதே முழுவிடை கூறும் ஆசிரியர் பாடத்தை முடிக்கமாட்டார். ஒரு வினாவையும் ஏலாத ஆசிரியர் பாடத்தை முடித்தும் பயனில்லை. அழைப்பை விரைந்து ஏற்றலும், ஏற்றதை ஒழுங்காக வரிசைப்படுத்தலும், வரிசையிலுள்ளதை முடிக்கும்வரை புதிய அழைப்புக்குக் கதவடைத்தலும், முடித்தபின் தவறாது கதவைத் திறத்தலும் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடத்திலேயே தொண்டு தொண்டாகின்றது. இந்நான்கனுள் ஒன்று குறையினும், உழைப்பு மிகுந்தும் பயன் குன்றும் என்பதை 1996ஆம் ஆண்டின் அவ்வாய்வு எண்களால் நிறுவிவிட்டது. கையிலுள்ள தொலைபேசி இடையறாது ஒலிக்கும் இக்காலத்தில், கற்கும் மாணாக்கர்க்கும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இப்பாடம் ஒருங்கே உரியது.